சென்னை ஃப்ளாட்டுக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு: இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கதவின் பூட்டும் கைப்பிடியும் கீலும்

யாழ்ப்பாணம், பினாங்கு, லண்டன் என்று எங்கிருந்து வந்து சென்னையில் வீடு எடுத்தாலும் முதல் தடுமாற்றம் பேச்சில்தான். "யன்னல் திறப்பு தொலைஞ்சு போச்சு" என்றால் கடைக்காரர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே யன்னல் ஜன்னல், திறப்பு சாவி. திறந்து மூடும் கண்ணாடிப் பகுதிக்கு ஷட்டர் என்று பெயர். கடைக்கு முன்னால் இழுத்து விடுகிற இரும்பு ஷட்டரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளிப்பக்கம் திறந்தால் ஓப்பனபிள், தள்ளினால் ஸ்லைடிங். கீல் என்ற சொல் மர ஆசாரிக்குப் புரியும். யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல் வேலைக்கு வரும் பையனிடம் 'ஃப்ரிக்‌ஷன் ஸ்டே' என்றே சொல்லிவிடுங்கள்; ஜன்னலுக்குக் கீலாக இருக்கும் மடங்கும் ஸ்டீல் பட்டைதான் அது.

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் இன்னும் தேக்கு ஜன்னலும் தாழ்ப்பாளும்தான். யூபிவிசி சட்டம் வந்தது புது அடுக்ககங்களில். அதிலும் இரட்டைக் கண்ணாடி (நடுவே இடைவெளி விட்டு ஓரத்தில் ஒட்டிய இரண்டு கண்ணாடி) போடுவது பெரும்பாலும் சத்தத்துக்காக: மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் விமானம், ஜி.எஸ்.டி. சாலை ஓரம் லாரி. உங்கள் ஜன்னலில் இருப்பது ஒற்றையா இரட்டையா என்பதை இரவில் பார்த்தால் தெரியும். கண்ணாடிக்கு நேராக ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்துச் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சுடரின் பிம்பம் நெருக்கமாக இரண்டு மட்டும் தெரிந்தால் ஒற்றைக் கண்ணாடி. இரண்டு, கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு என்று நான்கு தெரிந்தால் இரட்டை.

ரிப்பேரில் இந்தக் கணக்குக்கு வேலை இருக்கிறது, ஏனென்றால் எல்லாக் கோளாறும் எடையில் ஆரம்பிக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி, ஒரு சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 60-க்கு 120 செ.மீ. ஷட்டரில் 5 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி 9 கிலோ. அதே இடத்தில் 5 மி.மீ. கண்ணாடி இரண்டு போட்டால் 18 கிலோ, சட்டத்தின் எடை தனி. ஒற்றைக்குப் போட்ட அதே கீலில் இரட்டையை மாட்டிவிட்டுப் போயிருந்தால், கொஞ்ச நாளில் கைப்பிடிப் பக்க மூலை 3, 4 மி.மீ. இறங்கும். பிறகு பூட்டின் நாக்கு குழிக்குள் சரியாகப் போய் உட்காராது. நாம் கைப்பிடியை முறுக்குவோம், ஒரு நாள் உள்ளே இருக்கும் பல்சக்கரப் பெட்டி உடையும். "லாக் போச்சு சார், மாத்திடலாம்" என்று மெக்கானிக் சொல்வதை நம்பிப் புதுப் பூட்டு போட்டால் அதற்கும் அதே கதிதான்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ஷட்டரை அல்லது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த நிலையிலேயே கைப்பிடியையும் சாவியையும் இயக்குங்கள். வெண்ணெயில் கத்தி போவதுபோல ஓடினால் பூட்டில் பழுதில்லை. மூடும்போது மட்டும் இறுகுகிறது என்றால் ஷட்டர் தொங்கியிருக்கிறது. திறந்திருக்கும்போதும் இறுக்கம், கடகடப்பு, அல்லது கைப்பிடி சும்மா சுற்றுகிறது என்றால்தான் பெட்டி பழுது. தொங்கலை உறுதி செய்ய, மூடின நிலையில் ஷட்டருக்கும் ஃப்ரேமுக்கும் இடையே நான்கு பக்கமும் இடைவெளியைப் பாருங்கள். கைப்பிடிப் பக்கம் மேலே அகலமாகவும் கீழே உரசிக்கொண்டும் இருக்கும்.

மே மாதத்தில் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும். யூபிவிசி வெயிலில் நீளும்: 25 டிகிரி ஏறினால் 1.2 மீட்டர் சட்டம் ஏறக்குறைய 2 மி.மீ. கூடும். மேற்குப் பார்த்த ஜன்னல் மதியம் 3 மணிக்கு இறுகி, மறுநாள் காலை 6 மணிக்குத் தானாகச் சரியாகிவிட்டால் அதை நோண்டாதீர்கள். மதியம் அட்ஜஸ்ட் செய்தால் மார்கழியில் ஆடும்.

தொங்கல் உறுதியானால் இரண்டு வழி. கதவாக இருந்தால் கீலிலேயே திருகு இருக்கும். மூடியைக் கழற்றி, 4 அல்லது 5 மி.மீ. எலன் கீ (எல் வடிவ அறுகோணச் சாவி) போட்டு, மேல் கீலில் ஆரம்பித்து அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒருமுறை மூடிப் பாருங்கள். உயரம், பக்கவாட்டு, அழுத்தம் என்று மூன்று திருகு இருக்கும் கீலில் எது எது என்று தெரியாமல் மூன்றையும் சுற்றினால் திரும்பி வர வழி தெரியாது. திருப்புவதற்கு முன் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.

ஜன்னலுக்குச் சரியான வைத்தியம் கண்ணாடியைத் தூக்கி உட்கார வைப்பது. கண்ணாடி நேராக நிற்க வேண்டுமானால் அதன் எடை கீழ்க் கீல் மூலைக்குப் போய்ச் சேர வேண்டும். இதற்காக இரண்டு இடத்தில் பிளாஸ்டிக் பேக்கர் (தட்டையான அண்டைத் துண்டு) செருகுவார்கள்: கீல் பக்கம் கீழ் மூலையில் ஒன்று, அதற்குக் குறுக்காக, கைப்பிடிப் பக்கம் மேல் மூலையில் ஒன்று. மூலையிலிருந்து 5 முதல் 10 செ.மீ. தள்ளி. ஃபேக்டரியில் இதை ஒழுங்காகச் செய்யாததுதான் பல ஜன்னல்களில் தொங்கலுக்குக் காரணம்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் பெரும்பாலும் உள்பக்கம் இருக்கும். பெயின்டர்கள் வைத்திருக்கும் பட்டி பிளேடை, நீளமான பீடிங்கின் நடுவில், பீடிங்குக்கும் சட்டத்துக்கும் இடையே செருகி மெதுவாகத் திருகுங்கள். கண்ணாடிப் பக்கம் செருகக் கூடாது. நடுப்பகுதி வளைந்து 'டக்' என்று வெளியே வரும். பிறகு இரு முனையும் கையோடு வந்துவிடும். எது எந்தப் பக்கம் என்று பின்புறம் எண் எழுதி வையுங்கள். கீழே ஒரு மரத்துண்டை நெம்புகோலாக வைத்துக் கண்ணாடியை மெல்ல உயர்த்தி, 2 அல்லது 3 மி.மீ. பேக்கரைச் செருகி, மூடிப் பாருங்கள். பேக்கரின் அகலம் இரண்டு கண்ணாடியையும் தாங்க வேண்டும்; 24 மி.மீ. கண்ணாடித் தொகுதிக்கு 24 மி.மீ. பேக்கராவது வேண்டும். ஒரு கண்ணாடி மட்டும் அதில் நின்றால் மற்றது வழுகி, இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒட்டு விட்டுப்போகும். கைக்குக் கிடைத்தது என்று ப்ளைவுட் துண்டையும் ரப்பர் செருப்பு வெட்டியதையும் செருகியிருப்பதைச் சென்னையில் சகஜமாகப் பார்க்கலாம். மரம் மழைநீரில் ஊதும், ரப்பர் நசுங்கும். திரும்ப மாட்டும்போது குட்டைப் பீடிங் முதலில், நீளம் கடைசியில். நைலான் சுத்தியால் மட்டும் தட்டுங்கள். டஃபன்டு (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடியின் ஓரத்தில் ஒரு அடி விழுந்தால் முழுக் கண்ணாடியும் பொடியாகக் கொட்டும்.

ஃப்ரிக்‌ஷன் ஸ்டேயே வளைந்திருந்தாலோ ரிவெட் ஆடினாலோ மாற்றத்தான் வேண்டும். கடையில் மூன்று விஷயம் கேட்பார்கள்: ஃப்ரேமில் பொருந்தும் பட்டையின் நீளம் (8, 10, 12, 16 அங்குலம் இப்படி), மடங்கிய நிலையில் அதன் உயரம் (13 மி.மீ. அல்லது 17 மி.மீ.), ஜன்னல் பக்கவாட்டில் திறக்கிறதா மேலே தொங்கித் திறக்கிறதா. உயரம் மாறினால் ஷட்டர் மூடவே மூடாது. பழையதைக் கழற்றிக் கையில் கொண்டு போவது உத்தமம். வாங்கும்போது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேளுங்கள். காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டவில்லை என்று திருப்திப்பட முடியாது. மலிவான 202-உம் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரையில் கடல் பார்த்த ஜன்னலுக்கு 316 கிடைத்தால் காசு பார்க்காதீர்கள்.

ஸ்டே மாற்ற ஷட்டரை முழுசாக இறக்க வேண்டும். சென்னையில் உள்பக்கம் கிரில் இருப்பதால் கையும் ஸ்க்ரூடிரைவரும் கம்பிக்கு நடுவே போய்த்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். முதலில் கிரிலின் ஸ்க்ரூவைக் கழற்றிவிடுவது நல்லது. தரைத்தளம் என்றால் இரண்டு பேர் செய்யலாம். மாடியில், வெளியே திறக்கும் 20 கிலோவுக்கு மேற்பட்ட ஷட்டர் என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். வருகிறவர் முதலில் கண்ணாடியை உள்பக்கமாக எடுத்துவிட்டு, வெறும் சட்டத்தைக் கயிறு கட்டி இறக்குகிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் கீழே நிறுத்தியிருக்கும் காரும், அதன் பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளும்தான் கவலை. ஸ்க்ரூ ஓட்டை தேய்ந்து பிடிக்கவில்லை என்றால் தீப்பெட்டிக் குச்சி செருகுவது மரத்துக்குத்தான் சரி. யூபிவிசியில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தைப் பிடிக்கும்படி, தானே துளைக்கும் முனையுள்ள ஸ்க்ரூவைப் பக்கத்தில் புது இடத்தில் போட வேண்டும்.

கைப்பிடி மாற்றுவது இவற்றில் எளிது. ஓப்பனபிள் ஜன்னல் கைப்பிடியில் இரண்டு எம்5 ஸ்க்ரூ. அடியில் உள்ள மூடியை 90 டிகிரி திருப்பினால் தெரியும். ஸ்க்ரூ மையங்களுக்கு இடையே 43 மி.மீ., நடுவில் 7 மி.மீ. சதுரத் தண்டு என்பது பரவலான அளவு. தண்டின் நீளத்தை மட்டும் மறக்காமல் அளந்து போங்கள். குட்டையாக இருந்தால் பல்சக்கரத்தின் நுனியை மட்டும் பிடித்து அதை மழுங்கடிக்கும். நெட்டையாக இருந்தால் கைப்பிடி சட்டத்தில் உட்காராது. ஜன்னல் மூடியபடியே கைப்பிடி உடைந்துவிட்டதா? கைப்பிடியைக் கழற்றி, அதே சதுரத் தண்டை உள்ளே செருகிக் குறடால் திருப்பினால் திறக்கும்.

பால்கனிக் கதவில் பல இடத்தில் பூட்டும் லாக் இருக்கும். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: அந்த வகையில் பெரும்பாலானவற்றில் கைப்பிடியை முதலில் மேலே தூக்கி, பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். தூக்காமலே சாவியை முறுக்கிச் சாவி உள்ளே முறிவது வாடிக்கை. லாக் மாற்றுவதானால் சாவித் துளை மையத்துக்கும் கைப்பிடித் தண்டு மையத்துக்கும் உள்ள தூரம் (85 அல்லது 92 மி.மீ.), முகப்புத் தகட்டிலிருந்து சாவித் துளை மையம் எவ்வளவு உள்ளே (25, 30, 35 மி.மீ. போல), இந்த இரண்டு எண்ணும் வேண்டும். சிலிண்டர் (சாவி நுழையும் உருளை) மட்டும் மாற்றினால் போதும் என்றால், கதவின் ஓரத்தில் சிலிண்டருக்கு நேராக இருக்கும் நீள ஸ்க்ரூவைக் கழற்றி, சாவியைச் செங்குத்திலிருந்து சற்றே சாய்த்து இழுங்கள், வந்துவிடும். ஸ்க்ரூ துளை மையத்திலிருந்து இரு முனைக்கும் தனித்தனியாக அளந்து 30/40, 35/35 என்று சொல்ல வேண்டும். மொத்த நீளம் 70 என்று மட்டும் சொன்னால் தவறானது வரலாம். வெளிப்பக்கம் கைப்பிடித் தகட்டைவிட 3 மி.மீ.-க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் திருடனுக்குப் பிடிமானம் கொடுத்தது போல. குடிவந்ததும் செய்யும் முதல் வேலையாக இந்தச் சிலிண்டரை மாற்றிவிடலாம். பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறதோ!

ஸ்லைடிங்கில் கோளாறு வேறு. ஷட்டரின் பக்கவாட்டில் கீழே சின்னப் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் சக்கரத்தை ஏற்றி இறக்கும் ஸ்க்ரூ இருக்கும். ஸ்லைடிங் ஷட்டரைப் பூட்டும் டச் லாக்கின் கொக்கி மாட்டவில்லை என்றால் லாக்கைத் தொடாமல் முதலில் இதைச் சரிசெய்து, ஷட்டரை நிலைக்கு இணையாக நிறுத்துங்கள். தண்டவாளத்தில் மணல் படிந்தால் சக்கரம் சுற்றாமல் தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகும். ஐப்பசிக்கு முன்பாக, ஃப்ரேமின் அடியில் நீர் வெளியேறும் துளைகளை ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழை போல ஒன்று வந்தால், அடைத்த துளை வழியாக வெளியேற முடியாத தண்ணீர் நேராகக் கட்டிலுக்கு வரும்.

எண்ணெய் விஷயத்தில் பாட்டி வைத்தியம் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகும். நகரும் உலோகத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, ரப்பருக்கு சிலிக்கான் ஸ்ப்ரே, சிலிண்டருக்குள் கிராஃபைட் பொடி. கடலோர வீட்டில் மாதம் ஒருமுறை கைப்பிடியையும் ஸ்டேயையும் ஈரத்துணியால் நல்ல தண்ணீரில் துடைப்பது எல்லா எண்ணெயையும்விட மேல். போர்வெல் தண்ணீரில் துடைத்தால் உப்பு மேல் உப்பு.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பனி படர்ந்தால் ஜன்னலை மாற்றச் சொல்வார்கள். தேவையில்லை, ஒட்டு விட்ட கண்ணாடித் தொகுதியை மட்டும் அதே அளவில், அதே கனத்தில் செய்து வாங்கிப் பொருத்தலாம்.

செலவு யாருடையது? 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை கதவு ஜன்னல் கைப்பிடி, பூட்டு, கொசுவலை, கண்ணாடி மாற்றுவது குடியிருப்பவர் தலையில். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு ஷட்டரையும் திறந்து மூடி, உரசுவதையும் தொங்குவதையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பழுது ஏற்கெனவே இருந்தது" என்று பதில் வாங்கி வையுங்கள்.

பாகம் தேடிப் பாரிமுனை போவதானால் செம்புதாஸ் தெருப் பக்கம் ஹார்ட்வேர் கடைகள். ஞாயிறு பெரும்பாலும் மூடியிருக்கும். போவதற்கு முன் லாக்கின் முகப்புத் தகட்டில் பொறித்திருக்கும் பெயரையும் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் மூடியிருந்தால் தின்னரில் நனைத்த துணியால் தகட்டை மட்டும் துடைத்தால் எழுத்து தெரியும். தின்னர் யூபிவிசி மேல் பட்டால் வெள்ளைச் சட்டம் மங்கிக் கறையாகும்.