காரோ-கான் தற்காப்பு: பிஷப்பை முதலில் வெளியே எடுங்கள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம் பக்கங்களிலும் ஞாயிற்றுக்கிழமைச் சதுரங்கப் போட்டிகளில் கறுப்புக் காய்களுடன் அமரும் மாணவர்களுக்கு, வெள்ளையின் இ4 நகர்வுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது சி6 என்ற பதிலைத்தான். (எழுத்து பலகையின் நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்; காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்வது சிப்பாய்.) அடுத்து வெள்ளை டி4 ஆட, கறுப்பு டி5 ஆடினால் அது காரோ-கான் தற்காப்பு. 1886இல் இதை ஆராய்ந்து வெளியிட்ட ஹொரேஷியோ காரோ, மார்கஸ் கான் ஆகியோரின் பெயரே இதற்கு நிலைத்தது.

இதன் உயிர் சி8 கட்டத்துப் பிஷப்பில் இருக்கிறது. இ4க்குக் கறுப்பு இ6 என்று பதில் ஆடும் பிரெஞ்சுத் தற்காப்பில் அந்த இ6 சிப்பாய் அதன் வழியை மறித்துவிடும். இங்கேயோ, தேரோட்டத்தன்று மாசி வீதிகள் அடைபடும் முன்பே வண்டியை வெளியே கொண்டுபோய் நிறுத்துவது போல, பிஷப்பை எஃப்5இல் வைத்த பிறகே இ6 ஆட வேண்டும்.

வெள்ளை மூன்றாம் நகர்வில் இ5 என்று முன்னேறினால் உடனே பிஷப் எஃப்5. அதற்கு எச்4 வந்தால் மிகுந்த கவனம் தேவை. 1961 உலகப் பட்டப் போட்டியில் மிகைல் பொட்வின்னிக்கை எதிர்த்து மிகைல் தால் ஆடிய நகர்வு அது. என் மாணவன் ஒருவன் அங்கே வழக்கம்போல இ6 ஆடினான். ஜி4, பிஷப் இ4, எஃப்3, பிஷப் ஜி6, எச்5 என்று ஆட்டம் போனபோது, ஒரு சிப்பாய்க்காகப் பிஷப்பை இழப்பதைத் தவிர அவனுக்கு வழியில்லை. ஏழாவது நகர்வை எழுதிவிட்டு நெடுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். இ6க்குப் பதிலாக எச்5 ஆடியிருந்தால், ஜி4க்கு வரும் சிப்பாயை வெட்டியிருக்கலாம்.

வெள்ளை மூன்றாவதாகக் குதிரையை சி3இல் வைத்தால், இ4 சிப்பாயை வெட்டிவிட்டு, குதிரை திருப்பி வெட்டியதும் பிஷப்பை எஃப்5க்குக் கொண்டுவாருங்கள். குதிரை ஜி3க்கு வந்து தாக்கினால் பிஷப் ஜி6. பின் எச்4 வந்தால், எச்5இல் பிஷப் சிக்காமலிருக்க எச்6.

பிஷப்புக்குப் பதிலாகக் குதிரையை டி7இல் வைப்போரும் உண்டு. அப்போது வெள்ளை ராணி இ2க்கு வந்தால், ஜி8 குதிரையை எஃப்6க்கு எடுக்காதீர்கள். வெள்ளைக் குதிரை டி6இல் வந்து அமரும், இ7 சிப்பாய் ராணியால் கட்டுண்டிருப்பதால் (விலகினால் ராணி ராஜாவைத் தாக்கும்) அதை வெட்ட முடியாது, ஆறே நகர்வில் செக்மேட். டி7 குதிரையையே எஃப்6க்கு நகர்த்துங்கள். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. ஆகவே எந்தக் குதிரை என்று முடிவு செய்த பிறகே கையை நீட்டுங்கள்.