உங்கள் கவுன்சிலர் எதற்குக் கை தூக்கினார்? கட்சியை ஓரம் வைத்துவிட்டு எடை போடுவது எப்படி

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை இரண்டு வருடம் இழுத்தது. எப்போது பார்த்தாலும் கவுன்சிலர், "மன்றத்துல சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்கேன் சார்" என்பார். நானும் நம்பினேன். நான் ஓட்டுப் போடும் கட்சிக்காரர்தானே. ஒருநாள் வேறு வேலையாகப் போனபோது மன்றக் கூட்டக் குறிப்பு ஒன்றின் நகல் கைக்கு வந்தது. எங்கள் வடிகாலைத் தள்ளிப்போட்ட தீர்மானம் அதில் இருந்தது. ஆட்சேபம் யாரும் சொல்லவில்லை. வருகைப் பட்டியலில் நம் ஆளின் கையெழுத்து அழகாக இருந்தது.

கூட்டத்துக்கு வராமல் போயிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அன்று வாங்கிய நாற்பது பக்க நோட்டுதான் இந்தப் பழக்கத்தின் தொடக்கம். புதிதாகச் செய்பவர்களுக்கு, நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில்: யார் எங்கே கை தூக்குகிறார்?

நகரத்தில் இருந்தால் உங்களுக்கு மூன்று பேர்: வார்டு கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. கிராமத்தில் இருந்தால் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று பட்டியல் நீளும். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. (யார் எந்தக் கட்சி என்று ஊருக்கே தெரியும், அது வேறு கதை.)

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தெருவிளக்கு எரியாததற்கு எம்.பி.யைத் திட்டுவதும், ஜி.எஸ்.டி.க்குக் கவுன்சிலரைத் திட்டுவதும் நம் ஊர் வழக்கம். நோட்டில் அதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது: யாருக்குக் கை கட்டப்பட்டிருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போனால் கணக்கே தப்பாகிவிடும்.

1985ல் வந்த 52வது அரசியல் சட்டத் திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. அதுதான் கட்சித் தாவல் தடைச் சட்டம். கொறடா (எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவிடுபவர்) சொன்னதை மீறி ஓட்டுப் போட்டாலோ, ஓட்டுப் போடாமல் இருந்தாலோ எம்.பி., எம்.எல்.ஏ.க்களின் பதவி போகலாம். 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் பிரச்சினை இல்லை. எனவே சட்டமன்றத்தில் உங்கள் எம்.எல்.ஏ. போடும் ஓட்டு பாதிக்கு மேல் கட்சியின் ஓட்டு.

இந்தச் சட்டமும் எல்லார் மீதும் ஒரே மாதிரி பாய்வதில்லை. 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமி அரசு 122க்கு 11 என்று வென்றது. எதிர்த்து ஓட்டுப் போட்ட ஓ. பன்னீர்செல்வம் அணியின் 11 பேருக்குப் பதவி போகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 எம்.எல்.ஏ.க்களைப் பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்தார்.

இப்போது முக்கியமான விஷயம். பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும்தான். உள்ளாட்சி மன்றங்களை அது தொடாது. கட்சி மேலிடம் கோபிக்கும், அடுத்த முறை சீட்டுக் கிடைக்காது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் "கொறடா சொன்னார், பதவி போயிடும்" என்று எம்.எல்.ஏ. சொல்லக்கூடிய சாக்கு கவுன்சிலருக்கு அந்த அட்டவணையில் இல்லை. கீழே வர வர கை சுதந்திரமாகிறது. அதனால்தான் எடை போடுவதைக் கவுன்சிலரிடமிருந்து தொடங்கச் சொல்கிறேன். பலரும் எம்.பி.யிடம் தொடங்கி, அங்கேயே சலித்துப் போய் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது: பதிவைப் பார்க்கும் முன்பே பிரச்சினைகளை எழுதுங்கள்

ஐந்து போதும். உங்கள் வீட்டைத் தொட்ட ஐந்து. சொத்து வரி, குடிநீர், குப்பை ஒப்பந்தம், சாலை, பேருந்து நிலைய இடமாற்றம், எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் "எனக்கு என்ன வேண்டும்" என்று ஒரு வரி எழுதித் தேதி போடுங்கள்.

ஏன் முன்பே? பதிவைப் பார்த்த பிறகு எழுதினால், நமக்குப் பிடித்தவர் நல்ல பேர் வாங்கும் விஷயங்களாகத் தேடித்தேடி எழுதுவோம். நானே செய்திருக்கிறேன். என் முதல் பட்டியலில் பூங்கா இரண்டு தடவை வந்தது, வடிகால் வரவே இல்லை!

ஒரு உதாரணம். 2022 பிப்ரவரி 19ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கவுன்சிலர்கள் நாற்காலியில் உட்கார்ந்த சூடு ஆறும் முன்பே, ஏப்ரல் தொடக்கத்தில், தமிழக அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. குடியிருப்புகளுக்கு ஊரையும் வீட்டின் பரப்பளவையும் பொறுத்து 25 சதவீதம் முதல் 150 சதவீதம் வரை. அறிவித்தது மேலே, ஆனால் விஷயம் அந்தந்த மன்றத்தின் மேசைக்கும் வந்தது. உங்கள் கவுன்சிலர் அன்று என்ன செய்தார்? தெரியாவிட்டால் பட்டியலில் முதல் வரியாக அதையே வைக்கலாம். வரி உயர்வை ஆதரித்தவரெல்லாம் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வரி இல்லாமல் வடிகால் வராது என்று நினைக்கும் ஆள் நான். உங்கள் வரி வேறு மாதிரி இருக்கலாம்.

நான்காவது: மன்றத்தின் பதிவை வாங்குவது

பொறுமை வேண்டிய இடம் இதுதான்.

மாநகராட்சியோ, நகராட்சியோ, பேரூராட்சியோ, கூட்டத்துக்கு முன் அஜெண்டா (பொருள் நிரல்) தயாராகும். அதில் வரிசையாக மன்றப் பொருள்கள், அதாவது அன்று முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள், இருக்கும். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பொருள் மீதும் என்ன முடிவு என்று தீர்மானம் பதிவாகும். இந்த இரண்டும், அன்றைய வருகைப் பதிவும் உங்களுக்கு வேண்டும்.

சில மன்றங்களில் இணையத்திலேயே கிடைக்கும். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். விண்ணப்பத்தை இப்படி எழுதுங்கள்:

"பொதுத் தகவல் அலுவலர் அவர்களுக்கு. இந்த நகராட்சியில் கீழ்க்கண்ட தேதிகளில் நடந்த மன்றக் கூட்டங்களுக்கான (1) பொருள் நிரல், (2) நிறைவேற்றப்பட்ட தீர்மானங்கள், (3) உறுப்பினர் வருகைப் பதிவு, (4) உறுப்பினர்கள் எழுத்து மூலம் அளித்த ஆட்சேபங்கள் ஏதும் இருந்தால் அவை, ஆகியவற்றின் நகல்களை வழங்கக் கோருகிறேன்."

அவ்வளவுதான். "ஏன் தள்ளிப்போட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். இந்தச் சட்டத்தின்படி, அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். காரணம் கேட்டால் "இது தகவல் அல்ல" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்று நான்கு கூட்டங்களோடு நிறுத்துங்கள். ஐந்து வருடத்துக்கும் கேட்டால் அவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் நகல் செலவு. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

நகல் வந்ததும் ஏமாற்றம் காத்திருக்கும். நாடாளுமன்றத்தைப் போல "ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை, பெயர்கள் இவை" என்றெல்லாம் இருக்காது. பெரும்பாலும் எல்லாப் பொருள்களும் ஒரே மூச்சில் நிறைவேறியிருக்கும். பத்திரிகைக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் "ஆல் பாஸ்". அறுபது எழுபது தீர்மானங்கள் அரை மணி நேரத்தில் முடிந்தது என்று செய்தி வருமே, அதுதான்.

ஆல் பாஸ் ஆன மன்றத்தில் வாக்குப் பதிவு எங்கே? எதிர்த்தவர்களின் பெயர் இருந்தால் அது பதிவு. யார் பெயரும் இல்லாவிட்டால், கையெழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஆதரித்ததாகத்தான் நான் கணக்கு வைக்கிறேன். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் "எனக்கு இதில் உடன்பாடு இல்லை, பதிவு செய்யுங்கள்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: "முன் அனுமதி" என்ற சொல். தலைவர் முன்கூட்டியே அனுமதி கொடுத்து வேலை தொடங்கியிருக்கும், மன்றத்தின் ஒப்புதலைப் பிறகு கேட்பார்கள். அவசர வேலைக்கு இது சரி. ஆனால் ஒரே அஜெண்டாவில் இப்படிப்பட்ட பொருள் நிறைய வந்தால், அதை யாராவது கேள்வி கேட்டாரா என்று பாருங்கள். கேட்டவர் எதிர்க்கட்சியோ சுயேச்சையோ, அவர் பெயருக்கு ஒரு நட்சத்திரம்.

ஐந்தாவது: வராத ஆளையும் படியுங்கள்

திருநெல்வேலி மாநகராட்சியைப் பாருங்கள், ஒரே ஆண்டில் இரண்டு பாடம் கிடைக்கும். தி.மு.க. மேயர் சரவணன் மீது, அவருடைய கட்சிக் கவுன்சிலர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கேட்டார்கள். 2024 ஜனவரி 12ல் கூட்டம் கூடியது. வாக்களிக்க ஆள் வரவில்லை. தீர்மானம் தோற்றது. கை தூக்காமலேயே ஒரு மேயரைக் காப்பாற்றலாம் என்று அன்று தெரிந்தது. அந்த ஜூலையில் காஞ்சிபுரத்திலும் மேயருக்கு எதிரான தீர்மானம் இப்படித்தான் முடிந்தது.

இரண்டாவது பாடம். சரவணன் ஜூலையில் ராஜினாமா செய்ய, ஆகஸ்ட் 5ல் புது மேயர் தேர்தல். கட்சி நிறுத்திய ராமகிருஷ்ணனுக்கு 30 ஓட்டு, அதே கட்சியிலிருந்து எதிர்த்து நின்றவருக்கு 23. அந்த மன்றத்தில் தி.மு.க. கூட்டணிக்குத்தான் மிகப் பெரிய பெரும்பான்மை! சின்னத்தைப் பார்த்து மட்டும் கணக்குப் போட்டிருந்தால் இந்த 23 வந்தே இருக்காது. ஆனால் இது ரகசிய வாக்கெடுப்பு. அந்த 23 பேரில் உங்கள் கவுன்சிலர் இருந்தாரா என்று ஊகித்து நோட்டில் எழுதாதீர்கள். மேயர், தலைவர் தேர்தல் நாளுக்கு நேரே நான் ஒரு கோடு போட்டு விட்டுவிடுவேன்.

ஆறாவது: எம்.எல்.ஏ., எம்.பி.

சட்டமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடும். "ஆம்" என்பவர்கள் சத்தம் போடுவார்கள், நிறைவேறியது என்று அறிவிப்பார்கள். யார் ஆம் சொன்னார் என்று எங்கும் எழுதியிருக்காது. ஆகவே பேச்சையும் வெளிநடப்பையும் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 21ல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியபோது, ஆளும் கூட்டணியில் இருந்த இடதுசாரிகளும் வி.சி.க.வும் காங்கிரஸும் வெளிநடப்புச் செய்தார்கள். எதிர்ப்பு வலுத்து, மே 1 அன்று மசோதா வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். கூட்டணிக் கட்சி எம்.எல்.ஏ. உங்களுக்கு இருந்தால், அவர் பக்கத்தில் எழுத வேண்டிய நாள் அது. ஆளும் கட்சி எம்.எல்.ஏ. இருந்தாலும்தான்.

எம்.பி. விஷயத்தில் வேலை சுலபம். அரசியல் சட்டத் திருத்த மசோதாவுக்குத் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும் என்பதால் தலை எண்ணியே ஆக வேண்டும். மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 2023 செப்டம்பர் 20ல் மக்களவையில் 454க்கு 2 என்று நிறைவேறியது அப்படித்தான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 2016 ஆகஸ்ட் 3ல் ஜி.எஸ்.டி.க்கான திருத்தம் மாநிலங்களவையில் 203க்கு பூஜ்யம். எதிர்ப்பே இல்லை போல் இருக்கிறதல்லவா? அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்திருந்தார்கள். அந்தப் பூஜ்யத்துக்குள் தமிழ்நாடு இருந்தது.

வருகை, கேள்விகள், விவாதங்கள் எத்தனை என்பதை பி.ஆர்.எஸ். என்ற சட்டமன்ற, நாடாளுமன்ற ஆய்வு அமைப்பின் இணையதளம் எம்.பி. வாரியாகத் தருகிறது. எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். நானூறு கேள்வி கேட்டவரின் கேள்விகளில் பத்தை எடுத்துப் படியுங்கள், தொகுதியின் பெயர் எத்தனையில் வருகிறது என்று தெரியும். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. உங்கள் எம்.பி. அமைச்சராக இருந்தால் வருகைப் பத்தியை விட்டுவிடுங்கள்.

ஏழாவது: கட்சிப் பத்தியை மூடி வைத்து மதிப்பெண்

ஐந்து பிரச்சினைக்கும் நேரே நான்கு பத்தி: வந்தாரா, என்ன பேசினார், என்ன செய்தார், நான் எழுதிய வரியோடு ஒத்துப்போகிறதா. பெயரையும் கட்சியையும் கையால் மறைத்துக்கொண்டு மதிப்பெண் போடுங்கள். முடிந்தால் வேறு கட்சிக்கு ஓட்டுப் போடும் ஒருவரிடம் நோட்டைக் கொடுத்து, பெயர் சொல்லாமல் போடச் சொல்லுங்கள். நான் என் மச்சானிடம் கொடுத்தேன். என் கவுன்சிலருக்கு அவர் என்னைவிட ஒரு மார்க் கூடுதலாகப் போட்டார். குடிநீர்க் கட்டண விஷயத்தில் நம் ஆள் நிஜமாகவே பேசியிருக்கிறார், எரிச்சலில் நான்தான் கவனிக்கவில்லை.

எட்டாவது: நேரில் கேட்பது

நோட்டை வீட்டில் பூட்டி வைத்துப் பயனில்லை. ஏரியா சபைக் கூட்டமோ கிராம சபையோ நடக்கும்போது கேளுங்கள். இல்லையென்றால் டீக்கடையில். நான் கடையில்தான் கேட்டேன்.

"அண்ணே, வடிகாலைத் தள்ளிப்போட்ட தீர்மானத்துல உங்க ஆட்சேபம் இல்லையே?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "அதெல்லாம் எங்க சார் பாத்தீங்க?"

"நகல் வாங்கினேன்ணே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னிக்கு அறுபது சப்ஜெக்ட் சார். எது நம்ம தெருன்னே தெரியல. அஜெண்டா முந்தின நாள் ராத்திரிதான் வந்துச்சு" என்றார். அது பொய் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த அஜெண்டா வந்ததும் வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன், நம் வார்டுப் பொருளை நானே கோடு போட்டுத் தருகிறேன் என்றேன். அனுப்பினார். இரண்டு இடத்தில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

கூட்டம் முடிந்துவிட்டது. "பேசிட்டேன் சார்" என்று ஒரு குரல் பதிவு வந்தது. தீர்மான நகலுக்கு மனு போட்டிருக்கிறேன். முப்பது நாளில் இன்னும் பதினொரு நாள் பாக்கி.