அல்சரேட்டிவ் கோலைட்டிஸும் கிளாஸ் 1 மெடிக்கலும்: என் அனுபவம்

எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் வரும் நாள்பட்ட நோய். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கான கிளாஸ் 1 மெடிக்கல் என்ற மருத்துவப் பரிசோதனையில் 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று எழுதிவிட்டார்கள். அப்போது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஹீமோகுளோபினும் குறைவு. அந்த நிலைமைக்கு நியாயமான முடிவுதான்.

டாக்டர் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து குடல் அழற்சியைக் குறைக்கும் மெசாலமைன் மருந்துக்கு மாற்றினார். ராத்திரியில் எனிமா வேறு. இடதுபக்கம் சாய்ந்து படுத்து ஆசனவாய் வழியாக மருந்தை ஏற்றிக்கொண்டு அப்படியே தூங்க வேண்டும். ஹாஸ்டல் அறையில் இதைச் செய்வது இருக்கிறதே, அது தனிக் கதை!

நோய் அடங்கிய பிறகு மறுபரிசோதனையில் கைகொடுத்தது ஃபைல்தான். 'நலமாக இருக்கிறார்' என்ற இரண்டு வரிக் கடிதத்தை யாரும் மதிப்பதில்லை. குடலில் நோய் எதுவரை இருந்தது, கடைசியாக எப்போது தீவிரமானது, ஸ்டீராய்டு என்று நின்றது, இப்போதைய மருந்தால் தூக்கமோ தலைசுற்றலோ உண்டா என்று டாக்டரிடம் விவரமாக எழுதி வாங்கினேன். கூடவே கொலனோஸ்கோபி, பயாப்ஸி, ரத்தப் பரிசோதனை, குடல் அழற்சியைக் காட்டும், மலத்தில் பார்க்கும் கால்ப்ரொடெக்டின் அளவு (கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே) எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். சான்று கிடைத்தது. 40 வயதுக்குள் வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால் ஃபைல் தடித்துக்கொண்டே போகிறது.

அப்புறம் பயிற்சி. செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தில் கழிப்பறை கிடையாது. லைசென்ஸுக்கோ 300 நாட்டிகல் மைல் பயணம் ஒன்று கட்டாயம். முந்தின ராத்திரி தயிர்சாதம், காலையில் இட்லி, காபிக்குத் தடா. வயிறு கடமுடா என்றால் அன்று பறப்பதில்லை. பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்ததால், 'சார், இன்னைக்கு வேண்டாம்' என்றாலே போதும்.