பழைய நீல மேப்பை ஆன்லைன் ஆட்டத்துக்கு வரைவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதைபாத்திர மேசை விளையாட்டின் பழைய சாகசம் (ஆடுவதற்கென்றே எழுதிய கதைப் புத்தகம்) ஒன்றை ஆன்லைனில் நடத்த ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்வது, புத்தகத்தில் இருக்கும் மேப்பை அப்படியே ஏற்றிவிடுவதுதான். ஏற்றிய மறுநிமிடமே அறை எண், ரகசியக் கதவுக்கான 'எஸ்' குறி, குழி இருக்கும் இடம் எல்லாம் ஆட வந்தவர்கள் கண்ணில் பட்டுவிடும். அந்தக் காலத்தில் மேப், ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் கையில் மட்டுமே இருக்கும். "வடக்கே முப்பது அடி போகுது, அப்புறம் கிழக்கே திரும்புது" என்று அவர் சொல்லச் சொல்ல, ஆடுகிறவர்களில் ஒருவர் கிராஃப் தாளில் வரைந்துகொண்டு வருவார். அவர்கள் பார்க்கவே கூடாத தாளிலிருந்து அவர்கள் பார்க்கவேண்டிய படத்தை உண்டாக்குவதுதான் நம் வேலை.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கேரி கைகாக்ஸ் எழுதி டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட 'தி கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்' என்ற சாகசம். அதன் குகை மேப் அட்டையின் உட்பக்கத்தில் நீல நிறத்தில் அச்சாகியிருக்கும். ஏ முதல் கே வரை எழுத்திட்ட குகைகள், வெளியே மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கு, ஒரு கட்டம் பத்து அடி. எங்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்கு இதை வரைந்தபோது கைக்கு வந்த முறைதான் கீழே இருப்பது.

பழைய புத்தகம் கையில் இருந்தாலும், சட்டப்படி விற்கும் பிடிஎஃப் வாங்குவதே சுலபம். மடிப்பு விழுந்த அட்டையை ஸ்கேன் செய்தால் மடிப்பு ஓரத்தில் கோடுகள் வளையும். எப்படியும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கிம்ப் என்ற பட மென்பொருளில் படத்தைத் திறந்து, குறுக்கே இருபது கட்டங்களை எண்ணி எத்தனை பிக்சல் என்று அளந்து இருபதால் வகுங்கள். நெடுக்கேயும் அதேபோல். குறுக்கே 58.5, நெடுக்கே 59.2 என்று வந்தால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக நீட்டிச் சுருக்கி ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இதைத் தாண்டிப் போனால், மேல் மூலையில் சரியாக உட்கார்ந்த கட்டம் கீழ் மூலையில் அரைக் கட்டம் தள்ளி நிற்கும். அப்புறம் யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்ற சண்டை ஆட்டம் முழுக்க ஓடும்.

அடுத்தது அளவு. பழைய மேப்பில் ஒரு கட்டம் பத்து அடி. இன்றைய ஆட்டங்களில் ஒரு டோக்கனுக்கு (பாத்திரத்தைக் குறிக்கும் சின்ன வில்லை) ஐந்து அடி. எனவே பழைய கட்டம் ஒவ்வொன்றும் இரண்டுக்கு இரண்டாக, நான்கு சின்னக் கட்டமாகப் பிரியும். ஆன்லைனில் மேசை ஆட்டம் நடத்தும் மென்பொருள்களில், ஃபவுண்ட்ரியில் கட்டத்துக்கு 100 பிக்சல், ரோல்20-ல் 70 பிக்சல் வழக்கம். அகலம் அறுபது பழைய கட்டம் என்றால் 120 புதுக் கட்டம். 100 பிக்சல் வைத்தால் 12,000 பிக்சல். நல்ல கணினி தாங்கும். எங்கள் குழுவில் ஒருவர் ஃபோனிலிருந்து, அதுவும் ஹாட்ஸ்பாட்டில், சேருகிறவர். அவருக்குப் படம் பாதி வருவதற்குள் கோபோல்ட் என்ற குட்டிப் பூதங்கள் பாதிப் பேரைக் குத்திவிடும். கட்டத்துக்கு 50 பிக்சல் போதும், அல்லது குகைக்கு ஒரு படம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிரிப்பதுதான் பிடிக்கும். சேமிக்கும்போது வெப்பி (WebP) வடிவம். பிஎன்ஜியைவிட மிகச் சின்னதாக முடியும்.

இப்போது வரைதல். கிரிட்டாவோ இங்க்ஸ்கேப்போ, வரையும் மென்பொருள் எதுவானாலும் சரி. ஸ்கேனை அடி லேயரில் (படத்தின் அடுக்கில்) மங்கலாக்கிப் பூட்டிவிடுங்கள். அதன் மேல் தரைக்கு ஒரு லேயர், சுவர்க்கோட்டுக்கு ஒன்று, மேசை, படுக்கை, குப்பைகளுக்கு ஒன்று, மாஸ்டர் குறிப்புகளுக்குத் தனியாக ஒன்று. இந்தக் கடைசி லேயர்தான் உயிர். எண், 'எஸ்', குழி, எல்லாம் அதற்குள் போகட்டும். அதை மறைத்து ஒரு படம், காட்டி ஒரு படம் சேமியுங்கள். முதலாவது ஆட்டக்காரர்களுக்கு, இரண்டாவது உங்களுக்கு. கோபோல்ட் குகையில் நுழைந்த கொஞ்ச தூரத்தில் பத்தடி ஆழக் குழி ஒன்று மூடியோடு காத்திருக்கிறது. அந்த இடத்தில் தரையின் நிறம் இம்மியும் மாறக்கூடாது. அழகாக இருக்கட்டும் என்று பலகை மூடி வரைந்து வைத்தால் எல்லோரும் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

அழகு விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: சுவரை நகர்த்தக் கூடாது. டன்ஜன்டிராஃப்ட் மாதிரி மேப் வரையும் கருவியில் வரையும்போது, நாற்காலி மேசை இடிக்கிறதே என்று அறையை ஒரு கட்டம் பெரிதாக்கத் தோன்றும். பழைய மேப்பில் தூரம்தான் கதை. கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களின் காவல் அறைக்கும், பக்கத்துக் குகையில் இருக்கும் ஓகர் என்ற பெரிய அரக்கனுக்கும் நடுவே ஒரு ரகசியக் கதவு. அடி விழுந்தால் காவலர்கள் அந்தக் கதவைத் திறந்து 250 பொற்காசு மூட்டையை ஓகரிடம் வீசி உதவிக்குக் கூப்பிடுவார்கள். கதவு இரண்டடி தள்ளி இருப்பதும் இருபதடி தள்ளி இருப்பதும் ஆட்டத்தில் வேறுவேறு முடிவு. படுக்கையைச் சின்னதாக வரைந்துகொள்ளுங்கள், அறையைத் தொடாதீர்கள்.

படத்தை ஏற்றியபின் ஃபவுண்ட்ரியில் சுவர் போட வேண்டும், அதாவது பார்வையைத் தடுக்கும் கோடுகள். பாறை விளிம்பின் மேலேயே கோடு இழுத்தால், ஆடுகிறவர்களுக்குத் தரை முடிந்த இடத்தில் வெறும் இருட்டு தெரியும். கோடு பாறைக்குள் சற்றுத் தள்ளி இருக்கட்டும். அப்போதுதான் சுவரின் சொரசொரப்பு கண்ணில் படும். வளைந்த குகைச் சுவருக்கு நூறு சின்னத் துண்டுகள் வேண்டாம், மூலை முடுக்கைக் குறைத்து இழுத்தால் ஒளிக் கணக்கு வேகமாக நடக்கும். ரகசியக் கதவுக்கு அந்த வகைக் கதவையே தேர்ந்தெடுங்கள். மாஸ்டருக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்கு வெறும் சுவர்தான். டன்ஜன்டிராஃப்டில் வரைந்தவர்கள் யுனிவர்சல் விடிடி என்ற கோப்பு வடிவில் எடுத்தால் சுவரும் விளக்கும் படத்தோடு சேர்ந்தே வரும். அவற்றை ஃபவுண்ட்ரிக்குள் கொண்டுவர ஒரு மாட்யூல் (கூடுதல் நிரல்) வேண்டும்.

வெளிச்சம் நீங்கள் ஆடும் விதியைப் பொறுத்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய பேசிக் பதிப்பு விதியில் தீப்பந்தம் முப்பது அடிக்கு வெளிச்சம் தரும், அதாவது ஆறு புதுக் கட்டம். ஐந்தாம் பதிப்பில் இருபது அடி நல்ல வெளிச்சம், அதற்கப்பால் இருபது அடி மங்கல். பள்ளத்தாக்கை மட்டும் பகலாக வையுங்கள். குகை வாய்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வெவ்வேறு உயரத்தில் இருப்பதை அங்கே நின்று எல்லோரும் பார்க்கட்டும், எதற்குள் முதலில் நுழைவது என்று அடித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக வேறொரு பிரவுசரில் ஆட்டக்காரர் கணக்கில் நுழைந்து, ஒரு டோக்கனை நடத்திப் பாருங்கள். முக்கியமாக மூலைகளில். சுவர்க்கோடுகள் இரண்டு சேரும் இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் அடுத்த அறை நீளமாக ஒரு கீற்றாய்த் தெரியும், கூர்ந்து பார்க்கிற ஆள் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். இப்படி வரைந்த படம் உங்கள் மேசைக்கு மட்டும். மூல மேப்பின் உரிமை இன்று விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கையில் இருக்கிறது. நண்பர்களோடு ஆடுங்கள், விற்கப் போகாதீர்கள்.