பூர்வகுடி மக்களின் பொருளைக் காட்சிக்கு வைக்கும் முன்

கலை அருங்காட்சியகத்தின் இருப்பறையில் பூர்வகுடி மக்களின் பொருள் ஒன்று இருந்தால், அதை எந்தக் கண்ணாடிப் பேழையில் வைப்பது என்று காப்பாட்சியர் யோசிக்கும் முன், அது அங்கே இருக்கத்தான் வேண்டுமா என்று அம்மக்களிடமே கேட்க வேண்டும்.

முதலில் பதிவேட்டைப் படியுங்கள். ‘நன்கொடை’ என்றோ ‘விலைக்கு வாங்கியது’ என்றோ எழுதியிருப்பதோடு நின்றுவிடாமல், கொடுத்தவருக்கு அதைக் கொடுக்கும் உரிமை இருந்ததா என்று விசாரியுங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வாழும் சூனி மக்கள், 1978இல் டென்வர் கலை அருங்காட்சியகத்திடம் அஹாயூதா என்னும் காவல் தெய்வத்தின் மரச்சிற்பத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அது சமூகம் முழுவதற்கும் பொதுவானது என்பதால் தனியொருவர் விற்கவோ வழங்கவோ முடியாது என்றும், ஆகவே வழிபாட்டிடத்தை விட்டு வெளியேறிய ஒவ்வொரு சிற்பமும் களவு போனதே என்றும் வாதிட்டார்கள். அருங்காட்சியகம் இறுதியில் அதைத் திருப்பித் தந்தது. இச்சிற்பங்கள் திறந்தவெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, மெல்ல உளுத்து மண்ணோடு சேர வேண்டியவை. பொருள்களை அழியாமல் காப்பதே தன் கடமை என்று நம்பும் நிறுவனத்துக்கு இதை ஏற்பது கடினம். ஆயினும் ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு இடையூறு செய்யும் பராமரிப்பைப் பாதுகாப்பு என்று நான் கருதமாட்டேன்.

அடுத்து, அச்சமூகத்தின் ஆட்சிமன்றம் நியமித்த பிரதிநிதிகளையும் மூத்தோரையும், திட்டம் உருவாகும் முன்பே அழையுங்கள். பயணச் செலவை அருங்காட்சியகமே ஏற்கட்டும். அமெரிக்காவில் பூர்வகுடி மக்களின் எச்சங்களையும் பொருள்களையும் திருப்பித் தருவதற்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, மனித எச்சங்கள், ஈமப்பொருள்கள், புனிதப் பொருள்கள், சமூகப் பொதுவுடைமைகள் ஆகியவற்றைக் காட்சிக்கு வைக்கவோ ஆராயவோ அம்மக்களிடம் முன்கூட்டியே இசைவு பெற வேண்டும். அம்மாதமே நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பூர்வகுடிப் பொருள்கள் இருந்த தன் இரு கூடங்களை மூடியது. சட்டம் எட்டாத நாடுகளிலும் இந்த ஒழுங்கைப் பின்பற்றத் தடையேதும் இல்லை.

இசைவு கிடைத்தால், விளக்க அட்டையின் வாசகத்தை அவர்களோடு சேர்ந்து எழுதுங்கள். ஆஸ்திரேலியாவில் இறந்த பூர்வகுடியினரின் பெயரோ உருவமோ இடம்பெறும் காட்சிகளுக்கு முன்னறிவிப்பு வைக்கும் வழக்கம் உண்டு.

மறுத்தால், காட்சியிலிருந்து அகற்றுங்கள். திருப்பிக் கேட்டால் கொடுங்கள். பூச்சி அரிக்காதிருக்க அருங்காட்சியகங்கள் முற்காலத்தில் ஆர்செனிக் போன்ற நஞ்சுகளைத் தடவிவந்தன. சடங்கில் மீண்டும் கையாளப்போகும் பொருள் என்பதால், எந்த மருந்து பூசப்பட்டது என்ற விவரத்தை ஒப்படைக்கும் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.