வெளுத்துப் போன ஜெல்லைத் தெளிய வைத்தது

என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்ற சிறு மூலக்கூறுப் பொருளை நீரில் கரைத்து, கோபால்ட்-60 காமா கதிரில் வைத்து ஜெல் செய்வது எனக்கு மிகவும் பிடித்த வேலை. வினையைத் தொடங்கி வைக்கும் தனி வேதிப்பொருள் (தொடக்கி) எதுவும் சேர்க்க வேண்டாம். கதிர் பட்டதும் தண்ணீரே உடைந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் என்ற, சட்டென்று வினைபுரியும் துணுக்குகளைத் தரும், அவை சிறு மூலக்கூறுகள் கோத்து நீளும் பாலிமர் சங்கிலியைத் தொடங்கி வைக்கும். ஆனால் எனக்குக் கிடைத்த ஜெல் பால் போல வெளுத்து, தொட்டால் உதிர்ந்தது. மேலே ஒரு படலம் உறையாமல் நீராகவே நின்றது.

இரண்டும் வேறு வேறு கோளாறுகள். மேலே உறையாததற்குக் காரணம் ஆக்சிஜன். ரேடிக்கல்களை அதுதான் முதலில் பிடித்துக்கொள்கிறது. கரைசலில் நைட்ரஜனை நன்றாகக் குமிழவிட்டு, மேலே காற்றுக்கு இடமே இல்லாமல் குழாயை மூடினேன். சரியாகிவிட்டது.

வெளுப்புதான் படுத்தியது. இந்தப் பாலிமர் சுமார் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீரில் கரைந்து நிற்காது. வினையே வெப்பத்தை வெளிவிடுகிறது, கதிரறையின் சூடும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். சங்கிலிகள் உருவாகும்போதே சுருண்டு பிரிந்து, அந்த நிலையிலேயே பிணைந்துவிடும். அப்புறம் குளிர வைத்தாலும் முழுத் தெளிவு வராது.

எனவே குழாயை ஐஸ் தண்ணீருக்குள் இறக்கினேன். வினைச் சூடு மெதுவாக வெளிவரட்டும் என்று, கதிர்மூலத்திலிருந்து தள்ளி வைத்து டோஸ் வேகத்தை (ஒரு நேரத்தில் உள்வாங்கும் கதிரின் அளவை) குறைத்து, மொத்த டோஸ் மாறாதபடி நேரத்தைக் கூட்டினேன். சுற்றியுள்ள தண்ணீரும் கதிரைக் கொஞ்சம் தடுக்கும். டோஸை அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே வைத்து அளப்பது நல்லது.

இப்போது வரும் ஜெல் வழியாக எழுத்தைப் படிக்கலாம். 40 டிகிரி நீரில் போட்டால் வெளுத்துச் சுருங்குகிறது, குளிர்ந்த நீரில் மறுபடி தெளிந்து உப்புகிறது.