டிரெய்லருக்கு ஒயர்லெஸ் பிரேக் கன்ட்ரோலர் வாங்கும் முன்

அமெரிக்காவில் காரை மாற்றி மாற்றி டிரெய்லர் இழுப்பவர்களுக்கு ஒயர்லெஸ் கன்ட்ரோலர் (கார் பிரேக் போடும்போது டிரெய்லரின் பிரேக்கையும் இயக்கும் கருவி) வசதி. டாஷ்போர்டில் துளை போட வேண்டியதில்லை. ஆனால் காரின் பின்புறம் டிரெய்லர் ஒயரைச் செருகும் இடத்தில் 7 முனை சாக்கெட் இருக்க வேண்டும், 4 முனை உதவாது. டிரெய்லரில் இருப்பது எலெக்ட்ரிக் பிரேக்தானா என்றும் பாருங்கள். சர்ஜ் பிரேக் (கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையிலேயே பிடிப்பது) என்றால் கன்ட்ரோலரே வேண்டாம்.

இந்த வகையில் கர்ட் எக்கோ என்ற மாடல் போன் செயலியில் இயங்கும். அவசரத்தில் போனைத் தேடுவது யாரால் முடியும்? எனக்குத் தனி ரிமோட்டோடு வரும் பிரடிஜி ஆர்எஃப் வகைதான் பிடிக்கும்.

சுமை ஏற்றிய பிறகே செட்டிங். வண்டி நடமாட்டமில்லாத, காய்ந்த, சமமான சாலையில் 25 மைல் வேகத்தில் போய் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடும் மேனுவல் பட்டனை அழுத்துங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளினால் கெயினை (டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் பலத்தின் அளவை) கூட்டுங்கள். சக்கரம் சுழலாமல் தேய்த்துக்கொண்டு வந்தால் கொஞ்சம் குறையுங்கள். சுமை மாறினால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.